கேளுங்கள், சொல்கிறேன்: எடை கூடினால் சீக்கிரம் விழுமா?

கேள்வி: எடை எதுவானாலும் பொருட்கள் ஒரே நேரத்தில்தான் கீழே விழும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் பந்தையும் இரும்புக் குண்டையும் மூன்றாவது மாடியிலிருந்து சேர்த்துப் போட்டேன். இரும்புதான் முதலில் விழுந்தது. ஆசிரியரோ, "கையை விட்டதில் முன்பின் இருந்திருக்கும்" என்கிறார். எது சரி?

உங்கள் கண் சரி. (போடும்போது கீழே ஆள் நடமாட்டம் இல்லை என்று நம்புகிறேன்.) புத்தகமும் தப்பில்லை, "காற்று இல்லாத இடத்தில்" என்ற மூன்று வார்த்தையை எங்கோ தொலைத்துவிட்டது. வகுப்பில் பௌதிகம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மூன்று வார்த்தை போனால் பாடமே போச்சு.

காற்று இல்லையென்றால் கதை சுலபம். கனமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது. ஆனால் அதை அசைப்பதற்கும் அதே விகிதத்தில் அதிக விசை வேண்டும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுவதால் எல்லாப் பொருளின் வேகமும் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடும். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் பருந்தினத்துப் பறவை ஒன்றின் இறகையும் சேர்த்து விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இப்போது உங்கள் மாடிக்கு வருவோம். காற்று தடுக்கிற விசை, பொருளின் அளவையும் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது. உள்ளே இருப்பது இரும்பா வெற்றிடமா என்று காற்றுக்குத் தெரியாது. இரண்டு பந்தும் 7 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது இரண்டையும் காற்று ஒரே மாதிரிதான் மேலே தள்ளும், ஏறக்குறைய 12 கிராம் எடைக்குச் சமமாக. பிளாஸ்டிக் பந்தின் எடையே 20 கிராம்தான் என்றால், அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் 8 கிராம் இழுவையில்தான் அதன் வேகம் கூட வேண்டும். இரும்புக் குண்டோ 1,400 கிராம். அதற்கு 12 கிராம் ஒரு பொருட்டா? எடை பந்தை வேகமாகத் தள்ளுகிறது என்பதல்ல விஷயம். காற்றைச் சட்டை பண்ணாமல் போகிற தெம்பை எடைதான் தருகிறது.

கலிலியோவுக்கே இது தெரியும். 1638-ல் வெளியான நூலில், 100 முழ உயரத்திலிருந்து 100 பவுண்டு எடையுள்ள பெரிய குண்டும் 1 பவுண்டு எடையுள்ள சிறிய குண்டும் விழுந்தால் பெரியது இரண்டு விரற்கடை முந்தும் என்று எழுதினார். எடை நூறு மடங்கானால் வேகமும் நூறு மடங்கு என்ற அரிஸ்டாட்டில் கணக்கில் வரும் 99 முழ வித்தியாசத்தை விட்டுவிட்டு இந்த இரண்டு விரற்கடையைப் பிடித்துத் தொங்காதீர்கள் என்று எதிராளியை மடக்கவும் செய்தார். வாதம் அபாரம். ஆனால் அவர் சொன்ன 100 பவுண்டு, 1 பவுண்டு இரும்புக் குண்டுகளுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தால், வித்தியாசம் விரற்கடையில் நிற்காது, ஒரு முழத்தையே தாண்டுகிறது!

ஆசிரியரைச் சமாதானப்படுத்த ஒரு வழி. கேக் சுடப் பயன்படுத்தும், ஓரம் சுருக்கிய மெல்லிய காகிதக் கிண்ணங்கள் ஐந்து எடுங்கள். நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள்: வடிவம் அதேதான், எடை நான்கு மடங்கு. அடுக்கை 2 மீட்டர் உயரத்திலிருந்தும் தனிக் கிண்ணத்தை 1 மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றாகத் தரை தொடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், நான்கு மடங்கு எடைக்கு இரண்டு மடங்கு வேகம். மின்விசிறியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற மழைத்துளி ஏன் தலையைப் பதம் பார்ப்பதில்லை?

காற்று காப்பாற்றுகிறது. 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையே இல்லாமல் விழுந்தால் துளி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வந்து இறங்கும். நிஜத்தில், 5 மி.மீ. அளவுள்ள பெரிய துளியே நொடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. அந்த வேகத்தில் காற்றின் தடையும் துளியின் எடையும் சமமாகிவிடுகின்றன. அப்புறம் வேகம் கூட வழியில்லை. இதை முற்று வேகம் என்பார்கள். அரை மி.மீ. தூறல் துளிக்கு இது நொடிக்கு 2 மீட்டர்தான்.

கேள்வி: விமானத்திலிருந்து குதிப்பவர்களில் குண்டானவர் முந்துவாரா?

முந்துவார், உடலை ஒரே மாதிரி வைத்திருந்தால். பாராசூட் விரிப்பதற்கு முன், வயிறு கீழ்நோக்கிக் கைகால் விரித்து விழுபவரின் வேகம் மணிக்குச் சுமார் 200 கி.மீ. தலைகீழாகப் பாய்ந்தால் இன்னும் கூடும். கூட்டமாகக் கைகோத்து வட்டம் போட நினைப்பவர்களுக்கு எடை வித்தியாசம் பெரிய தலைவலி. ஆகவே ஒல்லியானவர்கள் ஈயக் கட்டிகள் வைத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு குதிப்பதுண்டு. கனமானவர்கள் தொளதொள உடை போட்டுக்கொள்வார்கள்.