ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பிரிப்பதற்கு முன்னும் பூட்டும்போதும்

கேள்வி: என் கார் 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதன்முறை ‘டி’யில் போட்டால் இரண்டு மூன்று விநாடிகள் வண்டி நகர்வதில்லை, பிறகு ஒரு குலுக்கலுடன் கிளம்புகிறது. எஞ்சின் சூடான பிறகு இந்தத் தொல்லை இல்லை. கியர்பாக்ஸை முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வது இறுதியில் சரியாகவே இருக்கலாம்; ஆனால் அந்த முடிவுக்கு அவர் எந்தச் சோதனையின் வழியாக வந்தார் என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஒரு கியர் விழுவது என்பது, பம்ப் அழுத்தி அனுப்பும் ஆயில் ஒரு டிரம்முக்குள் நிரம்பி, பிஸ்டனைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குவதுதான். ஆயில் போய் நிரம்பத் தாமதமானால் வண்டி கிளம்பவும் தாமதமாகும். ஆயில் அளவு குறைந்திருப்பது, ஃபில்டர் அடைத்துக்கொண்டிருப்பது, பம்ப் தேய்ந்திருப்பது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் காய்ந்து விறைத்துப்போயிருப்பது ஆகிய எல்லாமே ஒரே அறிகுறியைத்தான் காட்டும்.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது, காலையில் ரிவர்ஸும் அதே போலத் தாமதமாகிறதா என்பதை. இரண்டும் தாமதமானால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஆயில், ஃபில்டர், பம்ப் ஆகியவற்றில் இருக்க வாய்ப்பு அதிகம். ‘டி’ மட்டும் தாமதமாகி ரிவர்ஸ் உடனே விழுந்தால், முன்னோக்கிச் செல்லும் கிளட்ச்சின் சீல் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். விறைத்த ரப்பர் சூட்டில் சற்று இளகி மீண்டும் அடைத்துக்கொள்வதால்தான் எஞ்சின் சூடான பின் கோளாறு மறைந்துவிடுகிறது. பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் அழுத்தமானியைப் பொருத்துவதற்கென்றே ஒரு துளை உண்டு. குளிர்ந்த நிலையில் அங்கே அழுத்தம் சரியாக இருந்தும் வண்டி தாமதமாகக் கிளம்பினால், ஆயில் கிளட்ச் வரை போய் அங்கே கசிகிறது என்று பொருள்; அப்போது பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆயில் பேனைக் கழற்றிப் பார்ப்பதும் பெரிய செலவில்லாத சோதனையே. உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல மெல்லியதாகப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். அதைக் காட்டிப் பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். ஊசி போன்ற இரும்புத் துகள், செதில் செதிலான பித்தளை, கருகிய வாடையுடன் கூடிய கறுப்புத் தூள் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டுமே உள்ளே ஏதோ அரைபடுகிறது அல்லது எரிகிறது என்று கொள்ளலாம்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் கியர்பாக்ஸைப் பிரித்து எல்லா கிளட்ச் பிளேட்டுகளையும் மாற்றினோம். இப்போது மீண்டும் மூன்றாவது கியரும் ரிவர்ஸும் வழுக்குகின்றன. பிளேட்டுகள் தரமற்றவையா?

பதில்: பிளேட்டுகள்மீது பழி போடுவதற்கு முன், எரிந்துபோன அந்த முதல் தொகுதி ஏன் எரிந்தது என்று அன்று யாராவது தேடினார்களா என்பதை அறிய வேண்டும். தேடவில்லை என்றே தோன்றுகிறது. மூன்றாவதும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்குவது ஒரு நல்ல தடயம். கிரக கியர் அமைப்பில் ஒவ்வொரு கியருக்கும் தனித்தனிப் பற்சக்கரங்கள் கிடையாது; சில கிளட்ச்சுகளையும், டிரம்மை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கும் பேண்டுகளையும் வெவ்வேறு சேர்க்கைகளில் பிடித்தும் விட்டும்தான் எல்லா கியர்களும் பிறக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் 1964-இல் வந்த டர்போ ஹைட்ராமேடிக் 400 கியர்பாக்ஸை எடுத்துக்கொண்டால், அதில் மூன்றாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் ‘டைரக்ட்’ என்ற ஒரே கிளட்ச்தான் வேலை செய்கிறது. உங்கள் கியர்பாக்ஸின் சேவைக் கையேட்டில் எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் பிடிக்கிறது என்ற அட்டவணை இருக்கும். வழுக்கும் இரண்டு கியர்களுக்கும் பொதுவான கிளட்ச் எதுவோ, அங்கிருந்து ஆயில் வந்த பாதையைப் பின்னோக்கித் தொடர்ந்து போக வேண்டும்.

அந்தப் பாதையில் முதலில் வருவது டிரம். அதன் பிஸ்டனில் கண்ணுக்கு எளிதில் தெரியாத விரிசல் இருக்கலாம். டிரம்மிலோ பிஸ்டனிலோ ஒரு சிறு உருண்டை வால்வு இருக்கும். கிளட்ச் விடுபட்ட பிறகும் டிரம் சுழல்வதால் மிச்ச ஆயில் விளிம்புக்கு வீசப்பட்டு, பிஸ்டனைத் தள்ளப் பார்க்கும். அந்த ஆயிலை வெளியேற்றுவதே இந்த உருண்டையின் வேலை. அது அழுக்கில் சிக்கி மூடியே இருந்தால் விடுபட்ட கிளட்ச் உரசிக்கொண்டே எரியும். திறந்தே இருந்தால் பிடிக்க வேண்டிய நேரத்தில் அழுத்தம் கசியும். அடுத்து, நிலையான பகுதியிலிருந்து சுழலும் டிரம்முக்கு ஆயிலைக் கடத்தும் இடத்திலுள்ள சீல் ரிங்குகள். ரிங்கைப் புதிதாகப் போட்டுவிட்டு, பழைய ரிங் அறுத்து வைத்த பள்ளத்தை அப்படியே விட்டுவிடுவது மிகவும் பரவலான தவறு. அங்குள்ள புஷ் தேய்ந்து தண்டு ஆடினாலும் புது ரிங் நிலைக்காது.

அதற்கும் முன்னால் இருப்பது, எந்தக் கிளட்ச்சுக்கு ஆயில் போக வேண்டும் என்பதை வால்வுகளால் கட்டுப்படுத்தும் வால்வு பாடி. அலுமினியத்தாலான அந்தத் துளைகளுக்குள் வால்வுகள் ஓயாமல் முன்னும் பின்னும் நகர்வதால், வால்வைவிடத் துளைதான் முதலில் தேய்கிறது. கழுவித் துடைத்தால் பளபளப்பாகத் தெரியும் வால்வு பாடி உள்ளுக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். வெற்றிடச் சோதனை செய்து எந்தத் துளை கசிகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சற்றே அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய வால்வைப் பொருத்துவது இன்று வழக்கத்தில் உள்ள முறை.

இவற்றோடு இரண்டு கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள். முதலாவது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை என்ன செய்தார்கள்? அது பற்றவைத்து மூடப்பட்ட கலம் என்பதால் வெளியிலிருந்து கழுவினால் உள்ளே தேங்கிய தூள் முழுவதும் வராது; லேத்தில் வெட்டித் திறந்து, லாக்-அப் கிளட்ச்சைப் புதுப்பித்து, மறுபடி பற்றவைத்துச் சமன் செய்ய வேண்டும், அல்லது வேறொன்றை மாற்ற வேண்டும். இரண்டாவது, ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவி, ஆயில் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்தார்களா? முதலில் எரிந்த பிளேட்டுகளின் சாம்பல் இந்த இரண்டு இடங்களிலிருந்தும் புதிய பிளேட்டுகளுக்கே திரும்பி வருகிறது.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயில் இளஞ்சிவப்புப் பால் போல மாறிவிட்டது. ஆயிலை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் மேற்பரப்பு காகிதம் போன்ற பொருளால் ஆனது. அது நீரை உறிஞ்சும், அதை இரும்பில் ஒட்டிவைத்த பசையும் இளகும். கலந்த உடனேயே கண்டுபிடித்து, ஓட்டாமல் நிறுத்தி, பலமுறை ஆயிலை மாற்றிக் காப்பாற்றப்பட்ட கியர்பாக்ஸ்கள் உண்டு. நாள்கணக்கில் ஓட்டியிருந்தால் பிரிப்பதுதான் நேர்மையான வழி. எப்படியானாலும் ரேடியேட்டரை மாற்றிய பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: ‘வாழ்நாள் முழுவதற்குமான ஆயில்’ என்று கையேட்டில் உள்ளது. பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்களே?

பதில்: யாருடைய வாழ்நாள் என்பதைக் கையேடு சொல்வதில்லை. அப்படிப்பட்ட கார்கள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் ஆயில் மாற்றப் பரிந்துரைக்கிறது. ஆயில் மாற்றியதால் கெட்டது என்ற கதைகளில் பெரும்பாலானவற்றில், வழுக்கத் தொடங்கிய பிறகே கடைசி முயற்சியாக ஆயில் மாற்றியிருப்பார்கள். கிளட்ச் ஏற்கெனவே எரிந்திருந்தது, பழி புது ஆயில்மீது விழுந்தது. கவனிக்க வேண்டியது ஆயிலின் வகையைத்தான். உங்கள் கியர்பாக்ஸுக்குக் குறிப்பிட்ட தரக்குறியீடு இல்லாத ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிடிக்கும்போது அதிர்வு வரும். சிவிடி-க்கு, அதாவது தனித்தனி கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் கியர்பாக்ஸுக்கு, அதற்கென்றே உள்ள ஆயில்தான் வேண்டும்.

கேள்வி: இயந்திரவியல் படிக்கும் மாணவன் நான். ஒரு பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கை நானே பிரித்துப் பூட்ட விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சேவைக் கையேடு கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். கழற்றும்போதே தண்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு அந்த எண்ணை மீட்க முடியாது. நூல் உதிரும் துணியால் எதையும் துடைக்காதீர்கள், ஒரு நூலிழை ஒரு வால்வை நிறுத்திவிடும். புது கிளட்ச் பிளேட்டுகளைப் பூட்டுவதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம், கியர்பாக்ஸில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஊறவிடுங்கள். பேரிங்குகளையும் வாஷர்களையும் இடத்தில் ஒட்டிவைக்கச் சாதாரண கிரீஸைத் தொடவே கூடாது, அது ஆயிலில் கரையாமல் ஃபில்டரிலும் நுண்துளைகளிலும் போய் அடைக்கும். பெட்ரோலியம் ஜெல்லி கரைந்துவிடும். ஒவ்வொரு கிளட்ச் தொகுதியையும் பூட்டியதும் பிளேட்டுகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துவிட்டு, ஆயில் துளை வழியாக 30 முதல் 40 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்துங்கள். பிஸ்டன் ‘டொக்’ என்று நகர்ந்து நின்றால் நல்லது. ‘ஸ்ஸ்’ என்று காற்று தொடர்ந்து கசிந்தால் மறுபடி பிரியுங்கள். மேசைமேல் பிரிப்பது அரை மணி நேர வேலை, வண்டிக்கு அடியிலிருந்து இறக்குவது ஒரு நாள் வேலை.

கடைசியாக, டார்க் கன்வெர்ட்டரைப் பொருத்துவது. அதைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் இரண்டு மூன்று படிகளாக இறங்கி, கடைசிப் படியில் பம்பின் பிடிப்போடு சேரும். நான் தொழில் கற்ற காலத்தில் அந்தக் கடைசிப் படி இறங்காததை உணராமல், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் தெரிந்த இடைவெளியை போல்ட்டை இறுக்கியே மூடினேன். எஞ்சினை இயக்கியதும் பம்ப் உடைந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் கைத்தள்ளலிலேயே முகத்தோடு முகம் பொருந்த வேண்டும், பொருந்திய பிறகும் கன்வெர்ட்டர் தன்போக்கில் சுழல வேண்டும். அப்படி இல்லையென்றால் போல்ட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஓவர்ஹால் முடிந்து வந்த வண்டி கியர் மாறும்போது உதைக்கிறது. வேலை சரியில்லையா?

பதில்: உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. பழைய கிளட்ச்சுகளின் தேய்மானத்துக்கு ஈடுகட்டும் விதத்தில் கட்டுப்பாட்டுக் கணினி அழுத்தத்தையும் நேரத்தையும் சிறிது சிறிதாக மாற்றிக் கற்றுவைத்திருக்கும். புது பிளேட்டுகள் வந்த பிறகும் அந்தப் பழைய பாடத்தையே பின்பற்றினால் வண்டி உதைக்கும். ஸ்கேனர் கொண்டு அந்தக் கற்றலை அழித்து, ஆயில் சூடான பின், அந்த மாதிரிக்குக் கூறப்பட்ட முறைப்படி ஓட்டிப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். ஆயில் அளவையும் அதே வேளையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அளவுக்கோல் இல்லாத கியர்பாக்ஸ்களில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டுமே அளவு பார்க்க வேண்டும் என்பதால், பூட்டிய அன்று அவசரத்தில் குறைவாக ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இவ்விரண்டையும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட கியர் மாற்றத்தில் மட்டும் உதைத்தால், வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய், வால்வு பாடியையும் அந்த மாற்றத்துக்குரிய சோலினாய்டையும் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு) சோதிக்கச் சொல்லுங்கள்.