நாற்சார் வீட்டுக் கூரையில் வெல்டிங் செய்யலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் எங்கள் பாட்டனார் கட்டிய, நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு இருக்கிறது. ஓட்டுக் கூரை, அதைத் தாங்கப் பனை வளை (உத்திரம்), ஓடு பதிக்கப் பனஞ் சிலாகை (சட்டம்). மழைக்கு ஒழுகுவதால் திருத்தப் போகிறோம். வேலையைப் பொறுப்பெடுத்தவர், பனையைக் கழற்றிவிட்டு இரும்பு போட்டு மேலேயே வெல்டிங் செய்து தருகிறேன் என்கிறார். பாரிசில் இருக்கும் தம்பிக்கு நோத்ர தாம் எரிந்ததைப் பார்த்ததிலிருந்து பயம். காப்புறுதி எடுத்தால் போதும் என்று பொறுப்பெடுத்தவர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: தம்பி சொல்வதைக் கேளுங்கள் ரீச்சர். கூரைக்கு மேல் வெல்டிங் வேண்டாம். காப்புறுதி மட்டும் போதவும் போதாது.

நோத்ர தாம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தபோது அங்கே திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் நெருப்பு எதனால் பிடித்தது என்று உறுதியாகவில்லை. உங்கள் வீட்டு விஷயத்துக்குக் கிட்ட வருவது இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் உள்ள அப்பார்க் மாளிகை. 1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரையில் ஈயத் தகட்டைச் சூடாக்கி ஒட்டிய வேலையிலிருந்து நெருப்புப் பிடித்தது. திருத்த வேலை முடியும் தறுவாயில் மேல்தளங்கள் இடிந்து விழுந்தன. வயரிங், அடுப்பு எல்லாம் ஒழுங்காக இருந்த வீடுகூட, பழுது பார்க்கும் அந்த நாலைந்து மாதத்தில்தான் ஆபத்தில் இருக்கிறது.

வெல்டிங்கிலும் கிரைண்டரிலும் தெறிக்கும் பொறி பத்து மீற்றர் தூரம் போகும். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் குருவிக்கூடு, வௌவால் எச்சம், தும்பு, எந்தக் காலத்திலோ செருகிவைத்த கிடுகுத் துண்டு எல்லாம் கிடக்கும். அதற்குள் விழுந்த பொறி உடனே சுவாலை விடாது. மணிக்கணக்காகக் கனன்றுகொண்டு கிடக்கும். வேலையாட்கள் ஐந்து மணிக்குக் கை கால் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதம் என்றால் மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

“இரும்பு எரியாது” என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எரியாது, சரி. ஆனால் 600 பாகை செல்சியஸ் அளவில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், கூரையின் பாரத்தில் வளைந்து விழும். வைரம் பாய்ந்த தடித்த மரமோ மேலே கரியாகிக்கொண்டு, உள்ளே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு எதற்கு இந்த இரும்பு ஆசை? கழற்றிய பனை யாருக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பழைய வைரப் பனைக்கும் முதிரைக் கதவுக்கும் இன்று நல்ல விலை. வெளிநாட்டுக் காசில் நடக்கும் வேலைகளில் ஒருவர் மொத்தமாகப் பொறுப்பெடுப்பார், வெல்டிங்கை இன்னொருவருக்கு விடுவார், அவர் நாட்கூலிக்கு இரண்டு பொடியன்களை அனுப்புவார். நெருப்புப் பிடித்தால் மூன்று பேரும் ஆளையாள் காட்டுவார்கள். உக்கின வளையை மட்டும் மாற்ற ஒரு நல்ல தச்சர் போதும். கழற்றும் மரம் முழுவதும் உங்கள் வளவிலேயே அடுக்கப்பட வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு இரும்பு ஆசை போய்விடும்.

இரும்பு போட்டே ஆகவேண்டிய இடமும் உண்டு. அதையும் முற்றத்திலோ பட்டறையிலோ ஒட்டி, மேலே நட்டு போல்ட்டால் பூட்டலாம். ஒரேயொரு மூட்டாவது அந்த இடத்திலேயே ஒட்டாமல் முடியாது என்றால் மட்டும் விடுங்கள், அதுவும் இப்படி: சுற்றிவரப் பல அடிக்கு ஓடுகளை இறக்கி, சீலிங் பலகையைக் கழற்றி, குப்பையைக் கூட்டி அள்ள வேண்டும். கழற்ற முடியாத மரத்தைத் தகரத்தால் மூடுங்கள். நனைத்த சாக்கை வெல்டர் நிற்கும் இடத்தில் போடவேண்டாம், கரண்ட் அடிக்கும். மணல் வாளி வையுங்கள். கீழே ஒருவர் வேறு வேலை பார்க்காமல் பொறி விழும் இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மத்தியானத்தோடு நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அவர் அங்கே நிற்க வேண்டும், போகுமுன் மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பின்னேரம் இன்னொரு தரம் ஏறிப் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் நீங்களே கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த ஒரு மூட்டும் கிடையாது.

கதவு நிலைக்கு லின்சீட் எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறிப் பற்றும். தண்ணீரில் போடுங்கள்.

கிணறு இருக்கிறதே என்பீர்கள். மோட்டர் கரண்டில்தானே ஓடுகிறது? நெருப்பென்றதும் முதலில் நிறுத்துவது மெயின் சுவிச்சைத்தான். இரண்டு பீப்பாவில் தண்ணீர் நிரப்பி வாளியோடு வையுங்கள். ஒழுங்கையில் கல்லும் மணலும் கொட்ட விடாதீர்கள், தீயணைப்பு வண்டி படலை வரை வர வேண்டும்.

இதையெல்லாம் அனுமதி கொடுப்பவர்கள் அல்லவா கேட்க வேண்டும்? வீட்டுப் படத்தில் எல்லை, மதில், மலகூடக் குழி எல்லாம் அளந்து பார்க்கிறார்கள். வேலை நடக்கும்போது நெருப்புக்கு என்ன ஏற்பாடு என்று எந்தப் படிவமும் என்னிடம் கேட்டதில்லை. வர்த்தமானியில் (அரசிதழில்) ஏறிய பழங்காலக் கட்டிடம் என்றால் தொல்லியல் திணைக்களம் இருக்கிறது. உங்களுடையது போன்ற வீட்டுக்கு நாதியில்லை.

கடைசியாகக் காப்புறுதி. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும், அறிவிக்காமல் திருத்த வேலை நடந்த வீட்டுக்கும் இழப்பீட்டை மறுக்க இடம் வைத்த பத்திரங்கள் பல உண்டு. வேலை தொடங்க முன்னர், திருத்தம் நடக்கப் போகிறது, வெல்டிங் இருக்கும் அல்லது இல்லை, வீட்டில் ஆள் இருப்பார் அல்லது இருக்கமாட்டார் என்று கம்பனிக்குக் கடிதம் எழுதி, அவர்களின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முகவர் போனில் “பிரச்சினை இல்லை அன்ரி” என்று சொன்னது கணக்கில் வராது. பதில் கையில் வரும்வரை ஓட்டில் கை வைக்க விடாதீர்கள்.