சிப்பி மாலை சீப்பா எங்க கிடைக்கும்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, ஜூலைல ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியாத் தீவு ஹோபார்ட்டுக்கு வரேன், ரூம் வாடகை எவ்ளோ, பார்ட் டைம் கிடைக்குமா, அம்மாவுக்கு அபாரிஜினல், அதாவது இங்கத்த ஆதிக்குடிங்க கோக்குற சிப்பி மாலை சீப்பா எங்க வாங்கலாம்னு கேட்டிருந்தீங்க. வாடகை, வேலையெல்லாம் ஆளாளுக்கு சொல்வாங்க, ஸ்வெட்டர் மட்டும் ஊர்ல வாங்கிட்டு வராதீங்க, இங்க குளிருக்கு அது பனியன் மாதிரி. மாலைக்கு வரேன், அதுல ஏமாந்தவன் நான்.

வந்த வருஷம் பாத்திரம் கழுவின காசுல 25 டாலர் குடுத்து ஒரு டூரிஸ்ட் கடையில வாங்கினேன், ஊருக்குப் போய் பெருமையா அம்மா கழுத்துல போட்டா, ராமநாதபுரத்துக்காரங்க இல்லையா, தடவிப் பாத்துட்டு "இதை வாங்கவாடா பிளேன் ஏறுன, ராமேஸ்வரத்துல கடைக்குக் கடை தொங்குதே"ன்னாங்க.

நிஜ மாலை சீப்பா கிடைக்கவே கிடைக்காது. மைரீனர்னு ஒரு குட்டி சிப்பி, கடல்பாசியில ஒட்டிட்டு இருக்கும். கரை ஒதுங்கினது பளபளப்பு போயிருக்கும், அதனால தண்ணி வத்துற நேரம் பாத்து கடல்ல இறங்கி உயிரோட எடுக்கணும், அப்புறம் உள்ள சதை அழுகணும், நாத்தம் குடலைப் புரட்டும், மேல்தோலை எடுத்தா அப்பதான் மயில் கழுத்து மாதிரி பச்சையும் நீலமும் மின்னும். ஒரு மாலைக்கு இப்படி நூத்துக்கணக்குல சிப்பி, ஒவ்வொண்ணா ஓட்டை போடணும். அந்தக் காலத்துல விலங்குப் பல்லால குத்தி கங்காரு வால் நரம்புல கோப்பாங்களாம், இப்ப நூல்தான்.

ட்ருகனினிங்கிற ஆதிக்குடிப் பொம்பளை 1876ல செத்ததோட டாஸ்மேனியா ஆதிக்குடியே முடிஞ்சுதுன்னு இங்க பத்து வருஷம் குப்பை கொட்டின நம்மாளுங்களே சொல்வாங்க, எனக்கு பத்திக்கிட்டு வரும். டாஸ்மேனியா பக்கத்துல இருக்கிற ஃபிளிண்டர்ஸ், கேப் பேரன் தீவுகளோட ஆதிக்குடிப் பொம்பளைங்க இந்த வேலையை விடவே இல்ல, லோலா க்ரீனோ மாதிரி பேர் வாங்கினவங்க இருக்காங்க. ட்ருகனினியோட மாலையே இங்கிலாந்துல எக்ஸிட்டர் மியூசியத்துல இருந்து 1997லதான் திரும்பி வந்துச்சு. இப்ப கடல் சூடாகி பாசிக்காடு அழியுது, சிப்பியும் கம்மியாயிடுச்சு. அதனால கோத்தவங்க பேர் சொல்லாத கடைல வாங்காதீங்க, நீங்களே கடல்ல இறங்கி அள்ளவும் போகாதீங்க.

அம்மா இங்க வந்தப்ப ஹோபார்ட் மியூசியம் கூட்டிட்டுப் போனேன். சிப்பி மாலை வச்ச கண்ணாடிப் பெட்டி முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. "இத்தனைக்கும் ஓட்டை போட்டவளுக்கு கண்ணு என்னத்துக்குடா ஆகும்"னு கேட்டாங்க, அவ்ளோதான். அப்புறம் டீ குடிக்கப் போயிட்டோம்.