விடிகாலை நாலு மணிக்கு ஃபர்னஸ் நின்னா... ஆர்வி (வீட்டு வண்டி) லித்தியம் பேட்டரி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க மிச்சிகன்ல இருக்கோம், 24 அடி ட்ராவல் ட்ரெய்லர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. முன்னாடி கொக்கி மாட்டுற இடத்துக்கிட்ட ரெண்டு லெட் ஆசிட் பேட்டரி வெளியில இருக்கு. போன அக்டோபர்ல கரண்ட் கனெக்ஷன் இல்லாத காட்டு கேம்ப்ல தங்கினோம், விடிகாலை நாலு மணிக்கு ஃபர்னஸ் (கேஸ் ஹீட்டர்) நின்னுடுச்சு, குழந்தைங்க நடுங்கிட்டே எழுந்துட்டாங்க. கேஸ் சிலிண்டர் ஃபுல்லாதான் இருந்துச்சு. லித்தியத்துக்கு மாறலாமா?

பதில்: கேஸ் இருந்தும் ஏன் நின்னுச்சுன்னு முதல்ல சொல்லிடறேன் தம்பி. தீ எரியறது கேஸ்ல, ஆனா சூட்டைத் தள்ளுற ஃபேன் 12 வோல்ட்ல ஓடுது, ஏழெட்டு ஆம்ப் இழுக்கும், பேட்டரி இறங்க இறங்க ஃபேன் வேகமும் குறையும், காத்து போதுமான்னு பார்க்க உள்ள ஒரு சின்ன தகடு சுவிட்ச் இருக்கு, அது மடங்கலைன்னா கேஸ் வால்வு திறக்கவே திறக்காது. ஊஊன்னு ஓடிட்டிருந்த சத்தம் சுருதி இறங்கிப்போய் அப்படியே அடங்கும், தீ பிடிக்காது. போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கேன், அதனால உங்க கஷ்டம் புரியுது.

உங்க ரெண்டு பேட்டரியும் சேர்ந்து 160 ஏஹெச்னு (ஆம்ப் அவர், பேட்டரி கொள்ளளவு) வச்சுக்கோங்க, லெட் ஆசிட்ல பாதிக்கு மேல எடுத்தா ஆயுசு போயிடும், அப்போ கையில 80தான், குளிர்ல அதுவும் குறையும். லித்தியம்னா 100 ஏஹெச்ல 90க்கு மேல தைரியமா எடுக்கலாம், கடைசி வரைக்கும் வோல்டேஜ் 13 பக்கத்துலயே நிக்கும், ஃபேன் சோராது. கனமும் 12 கிலோ அளவுதான். லெட் ஆசிட்ல கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கா ஜெனரேட்டர் ஓடணும், லித்தியம் கிட்டத்தட்ட நிறையுற வரைக்கும் அதே வேகத்துல வாங்கிக்கும். பக்கத்து டென்ட்காரங்க தூக்கம் கெடாம இருக்கறதும் பெரிய விஷயம்தானே.

ஆனா மிச்சிகன்ல ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. ஜீரோ டிகிரி செல்சியஸுக்குக் கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணவே கூடாது. பண்ணா செல்லுக்குள்ள லித்தியம் உலோகமாவே படிஞ்சு நிரந்தரமா கெட்டுடும். நல்ல பேட்டரில இருக்கற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கற சர்க்யூட்) சார்ஜை நிறுத்திடும், சரி, ஆனா அப்போ காலைல வெயில் அடிச்சாலும் சோலார் ஏறாது. அதனால இப்ப இருக்கற இடத்துல அப்படியே மாத்தாதீங்க. கட்டிலுக்கு அடியில உள்ள வைங்க, லெட் ஆசிட் மாதிரி ஹைட்ரஜன் வராது. உள்ள வைக்க முடியலைன்னா ஹீட்டர் உள்ள பேட்டரியா வாங்குங்க.

பழைய ட்ரெய்லர்ல வர்ற கன்வெர்ட்டர் (கேம்ப் கரண்ட்ல பேட்டரியை சார்ஜ் பண்ற பெட்டி) பெரும்பாலும் 13.6 வோல்ட்டோட நின்னுடும், லித்தியத்துக்கு 14.4 பக்கம் வேணும், அதையும் மாத்துங்க. வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம்னு சொல்லவும் முடியாது, ஷன்ட் (போற வர்ற கரண்டை அளக்கறது) வச்ச மானிட்டர் ஒண்ணு போடுங்க. கேபிள் லக்கை (ஒயர் நுனில இருக்கற வளையம்) நல்லா டைட் பண்ணுங்க, ஒரு தடவை நான் சரியா முறுக்காம விட்டு குண்டும் குழியுமான ரோட்ல போய் வந்து பார்த்தா சிவப்பு ஒயர் தோல் உருகி கறுத்துப்போயிருந்துச்சு. பேட்டரிக்குப் பக்கத்துலயே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் கட்டாயம், ஷார்ட் ஆனா இது கொட்டுற கரண்டை சாதாரண ஃபியூஸ் தாங்காது.

இதையெல்லாம் சேர்த்து பட்ஜெட் போடுங்க, பேட்டரி விலையை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க. கரண்ட் இல்லாத இந்த மாதிரி கேம்ப்லதான் தங்குவீங்கன்னா நான் மாறச் சொல்வேன்.

கேள்வி: டெக்சாஸ்ல மோட்டார் ஹோம் வச்சிருக்கோம். லித்தியம் போட்டா ராத்திரி பூரா ஏசி ஓடுமா? தீப்பிடிக்கும்னு வீட்டுல பயப்படறாங்க.

பதில்: ஓடாதும்மா. 13,500 பிடியூ ஏசி 1,300 வாட்டுக்குக் குறையாம இழுக்கும், 100 ஏஹெச் பேட்டரில மொத்தமே 1,280 வாட் அவர்தான், ஒரு மணி நேரம்கூட வராது. நாலு போட்டாலும் கம்ப்ரஸர் விடாம ஓடினா மூணு, நாலு மணி நேரம். கோடைக்கு கரண்ட் உள்ள கேம்ப் பாருங்க.

தீ பத்தி, ஆர்விக்கு விக்கிறது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், போன்ல இருக்கற வகையை விட சூட்டை ரொம்பவே தாங்கும். இதை 1990கள்ல கண்டுபிடிச்சதே உங்க ஊர் ஆஸ்டின் பல்கலைக்கழகத்துல ஜான் குட்இனஃப் குழுதான், 2019ல லித்தியம் அயன் பேட்டரிக்காக நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர் அவர். நீங்க கவலைப்பட வேண்டியது எஞ்சின்ல கரண்ட் தயாரிக்கற ஆல்டர்னேட்டரைப் பத்தி. காலியான லித்தியம் அதுல இருந்து விடாம இழுத்து சூடாக்கிடும், நடுவுல டிசி டு டிசி சார்ஜர் (இழுக்கற கரண்டைக் கட்டுப்படுத்தறது) போடாம வண்டியை எடுக்காதீங்க.

கேள்வி: நாங்க எப்பவும் 30 ஆம்ப் பிளக் உள்ள கேம்ப்லதான் தங்குவோம். எங்களுக்கு வேணுமா?

பதில்: வேண்டாங்க. லெட் ஆசிட்டே போதும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் பார்த்து ஊத்துங்க, குளிர்காலத்துல வண்டியை நிறுத்தும்போது ஃபுல் சார்ஜ்ல வைங்க, காலியா இருந்தா உறைஞ்சு வெடிச்சிடும்.