பழைய போன் வயரிங்கை ஃபைபர் ரவுட்டரோடு இணைக்கலாமா?

கேள்வி: பல வருடமாக இருந்த பிஎஸ்என்எல் லேண்ட்லைனை அதே நம்பரோடு பாரத் ஃபைபருக்கு மாற்றிவிட்டோம். ஹாலில் ரவுட்டரில் செருகிய போன் நன்றாகப் பேசுகிறது. மாடியில் அம்மா அறையிலும் சமையலறையிலும் உள்ள எக்ஸ்டென்ஷன்கள் மட்டும் ஊமை. தெரிந்த எலக்ட்ரீஷியன் புது வயர் இழுக்கச் சொல்கிறார். சுவருக்குள் இருக்கும் பழைய வயரையே பயன்படுத்த முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். சுவரை உடைக்கத் தேவையில்லை. ஆனால் தெருவிலிருந்து வரும் பழைய லைனை வீட்டு வயரிங்கிலிருந்து முழுசாகக் கழற்றாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

இதுவரை உங்கள் போனுக்கு மின்சாரம் கொடுத்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அங்குள்ள பேட்டரியிலிருந்து சுமார் 48 வோல்ட் டிசி அந்த இரண்டு கம்பிகளில் வந்துகொண்டிருந்தது. இப்போது அதே வேலையை ரவுட்டரின் டெலிபோன் போர்ட் செய்கிறது. டயல் டோன், ரிங் எல்லாம் அதிலிருந்துதான். இரண்டு மின்சாரமும் ஒரே கம்பியில் மோதிக்கொண்டால் அடிபடுவது உங்கள் போர்ட். 'பழைய லைன்தான் செத்துவிட்டதே' என்றும் விட்டுவிட முடியாது. செத்த லைனும் கம்பத்திலிருந்து மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும். வழியில் எங்காவது கரண்ட் கம்பியோடு உரசிக்கொண்டிருக்கவும் கூடும்.

வாசல் பக்கம் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ரொசெட் பாக்ஸ் என்பார்கள். மூடியைக் கழற்றினால் இரண்டு திருகுகளில் கம்பிகள் கட்டியிருக்கும். கம்பத்திலிருந்து இறங்கும் தடித்த கறுப்பு வயர்தான் வெளி லைன். அதன் இரண்டு கம்பிகளையும் எடுத்து, ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். மாடிக்கும் சமையலறைக்கும் போகும் கம்பிகள் அதே திருகுகளில் இருக்கட்டும். பச்சை பூத்துப்போயிருந்தால் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்குங்கள். பழைய வீடுகளில் கரகரப்புக்குப் பாதிக் காரணம் இந்தப் பச்சைதான். பிராட்பேண்டுக்காக மாட்டிய பழைய ஸ்ப்ளிட்டர் டப்பா எங்காவது தொங்கினால் அதற்கும் இனி வேலையில்லை, எடுத்துவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்து அந்த இரண்டு திருகுகளையும் தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 48-ஐ ஒட்டி ஏதாவது காட்டினால் நீங்கள் கழற்றியது வேறு கம்பி.

இனி மிச்சம் சுலபம். வீட்டு எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் பேரலலாக இணைந்தவை என்பதால், எந்த சாக்கெட் வழியாக லைன் கொடுத்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் போன் பின் உள்ள வயர் ஒன்று வாங்கி, ஒரு முனையை ரவுட்டரிலும் மறுமுனையை ஹாலில் உள்ள பழைய போன் சாக்கெட்டிலும் செருகினால் போதும். ஹால் போனும் வேண்டுமென்றால் ஒன்றை இரண்டாக்கும் அடாப்டர் ஒன்று மாட்டிக்கொள்ளலாம். கம்பி வேலை செய்யும்போது ரவுட்டரை ஆஃப் செய்துவிடுங்கள். ரிங் வரும் நேரத்தில் அதில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏசி ஓடும். கையில் சுருக்கென்று அடிக்கும்.

ரவுட்டரில் டெல் (TEL), போட்ஸ் (POTS), போன் (PHONE) என ஏதாவது ஒரு பெயர் போட்டிருக்கும் துளைதான் நமக்கு வேண்டியது. போன் பின், கம்ப்யூட்டர் வயர் செருகும் லேன் (LAN) போர்ட்டிலும் நுழைந்துவிடும், அதுதான் வம்பு. அதில் செருகாதீர்கள்.

எல்லா போனையும் பிடுங்கிவிட்டு, முதலில் மாடியில் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். டோன் வந்தால் அடுத்தடுத்து சேர்க்கலாம். எந்த போனைச் சேர்த்ததும் டோன் போகிறதோ, அந்த போனிலோ அதன் சாக்கெட்டிலோதான் கோளாறு. ஒரு போனும் மாட்டாமலேயே லைன் எந்நேரமும் பிஸி என்றால் சுவருக்குள் இரண்டு கம்பியும் ஷார்ட் ஆகியிருக்கிறது. ரொசெட் பாக்ஸில் ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக் கண்டுபிடிக்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் அளவுக்கு ரவுட்டருக்குத் தெம்பு கிடையாது. மூன்று புது மாடல் போன்களை அது பெரும்பாலும் தாங்கிவிடும். மணி அடிக்கும் பழைய கனத்த போன்கள் சேர்ந்தால் எல்லா போனிலும் ரிங் மெலிந்துவிடும், சில சமயம் வரவே வராது. அப்படியானால் ஒரு போனின் ரிங்கரை அணைத்துப் பாருங்கள். டயலைச் சுழற்றும் போன் என்றால் பேசலாம், ஆனால் டயல் சுழலும்போது அது அனுப்பும் பல்ஸைப் பல ரவுட்டர்கள் புரிந்துகொள்ளாது, அதிலிருந்து நம்பர் போட முடியாது. பட்டன் போனின் அடியில் சுவிட்ச் இருந்தால் டோனில் வையுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் தோட்டத்து அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ வெளியே தொங்கிக்கொண்டு போகிறதென்றால் அந்தக் கிளையை மட்டும் சேர்க்காதீர்கள். அங்கேயும் மின்னல் பயம்தான். கார்ட்லெஸ் போன் ஒன்று அங்கே உத்தமம்.

கடைசியாக, கரண்ட் போனால் இனி போனும் போய்விடும். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்கி மாட்டுங்கள். பல ரவுட்டர்களுக்கு அது 12 வோல்ட். ஃபைபர் வந்து சேரும் பெட்டி சுவரில், ரவுட்டர் ஹாலில் எனத் தனித்தனியாக இரண்டு பெட்டி வைத்திருந்தால் இரண்டுக்குமே பேக்கப் வேண்டும். மாடியில் இருக்கும் போன்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை.