இதயத்தில் புரதம் படிந்தால் மருந்து உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. ஆறு மாதமாக மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது, 'அமிலாய்டு' என்ற புரதம் படிந்திருக்கலாம் என்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுத்தத்துக்கு ஆபரேஷன் ஆனது. முட்டை, பருப்பை நிறுத்திவிட்டோம். மருந்து இருக்கிறதா?

பதில்: முதலில் முட்டையையும் பருப்பையும் திரும்பக் கொடுங்கள். இது சாப்பாட்டுப் புரதம் இல்லை. இந்த வயதில் பெரும்பாலும் பார்ப்பது, கல்லீரல் செய்யும் டிரான்ஸ்தைரெட்டின். தைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் சுமக்கும் இது, நான்கு துண்டுகள் சேர்ந்த புரதம். வயதாலோ பரம்பரைக் குறையாலோ கட்டு தளர்ந்தால், துண்டுகள் பிரிந்து, தப்பாக மடிந்து, நார் நாராக ஒட்டி இதயத் தசைக்குள் படியும். மணிக்கட்டில் பல வருடம் முன்பே படிந்துவிடுவதுண்டு. இரண்டு கையிலும் ஆபரேஷன் என்று நீங்கள் எழுதிய வரியில்தான் என் கண் நின்றது.

மருந்து இருக்கிறது. பெயர் டஃபாமிடிஸ். மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு வைத்து இறுக்குவோமே, அதே வேலைதான். ஹார்மோன் உட்காரும் குழியில் போய் உட்கார்ந்து, நான்கு துண்டும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். 2018-இல் வெளியான ஆய்வில் 441 பேரை 30 மாதம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 42.9% பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 29.5%. ஏற்கெனவே படிந்ததை இது கரைக்காது, மேலும் படிவதைத்தான் மட்டுப்படுத்தும். அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன். விலை மலைக்க வைக்கும்: 2019-இல் அமெரிக்காவில் வருடத்துக்கு 2,25,000 டாலர் என்று வைத்தார்கள். அப்புறம் இதே வேலையைச் செய்யும் அகோராமிடிஸ் என்ற மாத்திரை வந்தது. கல்லீரல் இந்தப் புரதத்தைச் செய்வதையே குறைக்கும் வுட்ரிசிரான் ஊசியும் வந்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒன்று.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் 'லைட் செயின்' புரதமும் இதேபோல இதயத்தில் படியும். அதற்கு டஃபாமிடிஸ் பலிக்காது. புற்றுநோய்க்குக் கொடுப்பது போன்ற மருந்துகளை உடனே தொடங்க வேண்டும், வாரக்கணக்கில் தாமதித்தாலே ஆபத்து. எனவே இந்த வாரமே ரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அது சரியாக இருந்தால், டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனில் இதயம் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் இதயத்திலிருந்து தசைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டி வராது.

போகும்போது அப்பா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் கொடுக்கும் டில்டியாசெம், வெரபமில் போன்றவை இந்த இதயத்துக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்களாக நிறுத்தாமல், அன்றே டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.