மெய்க்கீர்த்திக்குக் கீழே உள்ள வரிகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மயிலாப்பூரில் நீங்கள் பேசிய கூட்டத்துக்கு வந்திருந்தேன். சோழர் காலத்துப் பஞ்சத்தில் ஒருவர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டதாக ஒரு கல்வெட்டைச் சொன்னீர்கள். உண்மையாகவே இருக்கட்டும். அதை மேடையில் சொல்லத்தான் வேண்டுமா? என் பேரன் பள்ளி ஆண்டுவிழாவில் ராஜராஜனாக நடித்தான். அட்டைக் கிரீடத்தோடு அவன் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் முகலாயருக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நமக்கு நாலு வரிதான் ஒதுக்கினார்கள். இப்போதுதான் நம் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இந்த நேரத்தில் நம்மவர்களே குறை சொன்னால் எப்படி?

அன்புடன்,
ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள ஐயா,

பாடப்புத்தகத்தைப் பற்றிய உங்கள் மனக்குறை நியாயமானது. எனக்கும் அது உண்டு.

நானும் உங்கள் பேரனைப் போல வளர்ந்தவன்தான். திருவல்லிக்கேணியில் ஒரு வாடகை நூலகத்தில் பைண்டு செய்த சரித்திரத் தொடர்கதைகளை எடுத்துவந்து, குதிரைக் குளம்படிச் சத்தத்தோடு தூங்கியவன். முதல் தடவை தஞ்சாவூர் போனபோது, பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். வெயிலில் கல் சுட்டதால் நாங்கள் ஒதுங்கி நின்றதே அந்த விமானத்தின் நிழலில்தான். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதையே ஒரு காலத்தில் மறந்திருந்தோம். தலபுராணம் கரிகாலன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1880களில் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்த ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் சுவரில் இருந்ததைப் படித்த பிறகுதான் ராஜராஜன் நமக்குத் திரும்பக் கிடைத்தான். தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டு வந்த பெருமை அல்ல இது. படித்துத் தெரிந்துகொண்டது. அப்படியானால் மீதியையும் படிக்க வேண்டாமா?

ராஜராஜன் கல்வெட்டு ‘திருமகள் போல’ என்று மெய்க்கீர்த்தியில், அதாவது அரசனின் புகழைப் பாடும் முகப்பு வரிகளில், ஆரம்பிக்கும். காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தது, ஈழம் கொண்டது என்று வெற்றிகளாக அடுக்கிக்கொண்டு போகும். கல்வெட்டின் தலையில் இதை வழக்கமாக வெட்டவைத்தவனே அவன்தான். அரசன் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ள விரும்பினானோ அது. விஷயம் அதற்குக் கீழே இருக்கிறது. பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் பெண்களின், கணக்கு வெட்டியிருக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், தெருவில் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தெருவில் யார் வீடு எது என்று நம்மால் சொல்ல முடிகிறது! எனக்குப் புல்லரிப்பது இங்கேதான். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத இடங்கள் என்று குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. யாரை எங்கே தள்ளிவைத்திருந்தார்கள் என்பது வரிக்கணக்கிலேயே இருக்கிறது.

நாம் மெய்க்கீர்த்தியோடு எழுந்து போய்விடுகிறோம். அதனால்தான் சரித்திரம் என்றாலே யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்கிறோம். அரசன் எல்லோருக்கும் முன்னோர் ஆகிவிடுகிறான். ராஜராஜன் எங்கள் சாதிதான் என்று வாட்ஸ்அப் குழுக்களில் அடித்துக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் மேடையில் சொன்னது திருப்பாம்புரம் கல்வெட்டு, மூன்றாம் குலோத்துங்கன் காலம். 110 காசுக்குத் தன்னையும் மகள்களையும் விற்றுக்கொண்டவர் வெள்ளாளர் என்று சாதியோடு எழுதியிருக்கிறது. அவர் எங்கள் ஆள் என்று ஒருவரும் கிளம்பி நான் பார்த்ததில்லை.

சரி, அக்கரைக்குப் போவோம். சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனை வென்றதாக இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் கதையை வைத்து இருபதாம் நூற்றாண்டு இலங்கையில் என்ன அரசியல் நடந்தது, அதில் அடிபட்டவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நூலைத் திறந்து பாருங்கள். எல்லாளன் வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காமல் நீதி சொன்னவன் என்று இருக்கிறது. தேர்ச்சக்கரத்தில் கன்று செத்ததற்காகத் தன் மகனை அதே சக்கரத்தால் கொல்லவைத்தான் என்று இருக்கிறது. ஆமாம், நம் உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிறானே மனுநீதிச் சோழன், அதே கதை. எல்லாளனின் நினைவிடத்துக்கு மரியாதை செய்யவேண்டும் என்று ஜெயித்தவனே ஆணையிட்டதும் அந்த நூலில்தான் வருகிறது. மகாவம்சத்தைக் கொடியாகப் பிடித்தவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போனார்கள்.

நம் பக்கம் மட்டும் என்ன? ‘ஈழம் கொண்ட’ என்றதும் சிலிர்க்கிறது. சோழப் படை புத்த விகாரைகளை உடைத்துப் பொன்னையும் மணியையும் அள்ளிப் போனதாக, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் எழுதியிருப்பதை அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்? ஐந்தாம் மகிந்தன் என்ற அவர்கள் அரசனை ராஜேந்திரன் காலத்தில் பிடித்துவந்தோம். பன்னிரண்டு வருஷம் இருந்து இங்கேயே செத்தான். (பாருங்கள், ‘பிடித்துவந்தோம்’ என்றுதான் எனக்கும் எழுத வருகிறது. என்னவோ நானும் கப்பலில் போனது மாதிரி.)

பேரன் ராஜராஜனாக நடித்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் இருந்திருந்தாலும் கைதட்டியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உத்திரமேரூருக்கு அழைத்துப் போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம் என்று ஃபார்வர்டு வருமே, குடத்தில் பெயர் ஓலைகளைப் போட்டுக் குலுக்கி ஆளை எடுக்கும் அந்தக் குடவோலை இதுதான். பிராமணர்களின் ஊர்ச்சபைக்கு எழுதிய விதிகள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். முன்னே பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் நிற்கக் கூடாது. இந்த இடத்தில் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். பாட்டியும் அம்மாவும் நின்றிருக்கலாமா என்று அவன் கேட்டால், அதையும் அந்தச் சுவரை வைத்தே பேசுங்கள்.

எழுத்து முதலில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வேறு வரும், அதை விட்டுவிடலாம். ‘ட’வும் ‘ப’வும் சீக்கிரம் பிடிபடும்.

அன்புடன்.